கடைசிப் பகுதியைக் காதால் எடைபோடுதல்



1977-இன் தொடக்கத்தில் டக்ளஸ் ஆடம்ஸ் என்ற இளம் எழுத்தாளர் பிபிசி வானொலிக்காக ஒரு நகைச்சுவைத் தொடரை யோசித்தார். ஆறு பகுதிகள், ஆறும் தனித்தனிக் கதைகள். ஒவ்வொரு கதையின் முடிவிலும் பூமி வெவ்வேறு காரணத்தால் அழிந்துபோகும். 'தி எண்ட்ஸ் ஆஃப் தி எர்த்' என்று பெயரும் வைத்திருந்தார். முதல் கதையை எழுதும்போது, பூமியில் மாட்டிக்கொண்ட வேற்றுக்கிரகவாசி ஒருவன் தேவைப்பட்டான். அவன் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறான் என்ற கேள்விக்கு, விண்மீன் மண்டலத்தைச் சுற்றுகிறவர்களுக்கான வழிகாட்டி நூலுக்குத் தகவல் சேகரிக்க வந்தவன் என்று விடை எழுதினார். அந்த விடை மற்ற ஐந்து கதைகளையும் விழுங்கிவிட்டது. அப்படிப் பிறந்ததுதான் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி'. நம்மில் பலர் அதை நாவலாகப் படித்திருக்கிறோம், சிலர் 2005-இல் திரைப்படமாகப் பார்த்திருக்கிறோம். அது முதலில் வானொலி நாடகம். நாவல் வந்தது 1979-இல். அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, 1978 மார்ச் 8 புதன்கிழமை இரவு பத்தரை மணிக்கு, பெரிய விளம்பரம் எதுவும் இல்லாமல் ரேடியோ 4-இல் முதல் பகுதி ஒலித்தது.

ஆக, முடிவுகளை எண்ணித் தொடங்கிய தொடர் இது. இதைவிட வியப்பு, தொடர் முடிந்தது என்று கேட்பவர்கள் நம்பும்படி இது வானொலியில் நான்கு முறை முடிந்திருக்கிறது: 1978 ஏப்ரல், 1980 ஜனவரி, 2005 ஜூன், 2018 ஏப்ரல். ஓர் அறிவியல் புனைவு ஒலித்தொடரின் இறுதிப் பகுதியை எப்படி எடைபோடுவது என்று பேச வந்தவனுக்கு இதைவிட நல்ல உரைகல் வாய்க்காது. ஒரே கதை, பெரும்பாலும் ஒரே நடிகர்கள், நான்கு முடிவுகள்.

பொதுவாக நாம் ஒரு தொடரின் முடிவைப் பற்றிப் பேசும்போது, முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்தனவா என்றுதான் கேட்கிறோம். அந்த விண்கலம் என்ன ஆயிற்று, துரோகி யார், ஏன் அப்படிச் செய்தான். அறிவியல் புனைவில் இந்தக் கேள்விகளுக்குக் கூடுதல் அதிகாரம் உண்டு. கற்பனை உலகத்தின் விதிகளை எழுத்தாளரே வகுக்கிறார்; அவற்றை அவரே மீறினால் கோபம் வருவது நியாயம். ஆனாலும் இந்தக் கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதினால் ஒலிநாடகத்துக்கு அநீதி செய்வோம் என்பது என் கருத்து. ஒரு தொடரின் முதல் பகுதி நம்மிடம் கடன் வாங்குகிறது. அரை மணி நேரம் கண்ணுக்கு வேலை கொடுக்காமல் காதை மட்டும் நம்பி உட்காரச் சொல்கிறது. ஏதோ ஓர் உணர்ச்சியைக் கிளறிவிட்டு, அதை முழுவதும் தீர்க்காமல் அடுத்த வாரம் வா என்கிறது. இறுதிப் பகுதி அடைக்க வேண்டிய கடன் அதுதான். கதைமுடிச்சு அந்தக் கடனின் ஒரு பகுதி, சிறிய பகுதி.

முதல் பகுதியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆர்தர் டென்ட் என்ற சாதாரண ஆங்கிலேயன் வீட்டு மேலங்கியோடு புல்டோசருக்கு முன்னால் சேற்றில் படுத்துக் கிடக்கிறான். புறவழிச்சாலைக்காக அவன் வீட்டை இடிக்கப் போகிறார்கள். அறிவிப்பு முன்பே வைக்கப்பட்டிருந்தது என்கிறார் அதிகாரி. எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. சற்று நேரத்தில் வோகன்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் விண்கலங்கள் வந்து, விண்வெளிப் புறவழிச்சாலைக்காகப் பூமியை இடிக்கப் போவதாக அதே தொனியில் அறிவிக்கின்றன. பூமி போய்விடுகிறது. ஆர்தர் நண்பன் ஃபோர்டு ப்ரிஃபெக்ட்டோடு தப்புகிறான். பிறகு அவனுக்குத் துக்கப்பட நேரம் கிடைக்கிறது, ஆனால் மிகக் கொஞ்சம். முழு உலகமும் போனது அவன் மனத்தில் ஏறவில்லை. இனி இது கிடையாது, இனி அது கிடையாது என்று சின்னச் சின்னப் பொருள்களாக எண்ணிப் பார்க்கிறான். சிரிக்கிறோம். உடனே கதை அவனை அடுத்த ஆபத்துக்குள் தள்ளிவிடுகிறது. பூமிக்காக யாரும் அழவில்லை, யாரும் கோபப்படவில்லை. இந்தத் தொடர் நம்மிடம் பட்ட கடன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நான்கு முடிவுகளையும் இந்த இடத்தில் நின்றுதான் பார்க்கப் போகிறேன்.

அதற்கு முன் ஒலியைப் பற்றிச் சில சொற்கள். இலங்கை வானொலியிலும் சென்னை வானொலியிலும் நாடகம் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திரைப்படத்தின் கடைசிக் காட்சியில் ஒரு முகத்தை நிறுத்திவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். வானொலியில் பேச்சு நின்றால் பாத்திரம் இல்லை. மேசையைச் சுற்றி ஆறுபேர் அமர்ந்திருந்தாலும் பேசாதவர் அறையிலேயே இல்லாதவர்தான். ஆகவே வானொலித் தொடரின் முடிவில் யாருடைய குரலைக் கடைசியாகக் கேட்கிறோம், அதற்குப் பின் என்ன ஒலி வருகிறது, எவ்வளவு நேரம் கழித்து அறிவிப்பாளர் உள்ளே வந்து நடிகர்களின் பெயர்களைப் படிக்கிறார் என்பவை எல்லாம் முடிவின் பகுதிகளே.

ஆடம்ஸுக்கு இது நன்றாகத் தெரியும். ராக் இசைத்தட்டுகளில் ஒலியை அடுக்கடுக்காகக் கட்டுவதுபோல வானொலி நாடகத்தையும் கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. முன்னோட்டப் பகுதியை சைமன் ப்ரெட் தயாரித்தார், மற்றவற்றை ஜெஃப்ரி பெர்கின்ஸ். லண்டனில் பாரிஸ் தியேட்டர் என்ற பிபிசி அரங்கில் பதிவு நடந்தது, பார்வையாளர் சிரிப்பு இல்லாமல். அக்கால வானொலி நகைச்சுவையில் அது துணிச்சலான முடிவு. எங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்லித்தர யாரும் இல்லாததால், கேட்பவருக்குத் துக்கப்படவும் இடம் கிடைத்தது. இயந்திரக் குரலாக மாற்ற வேண்டிய குரல்களைத் தனியே பிரித்துப் பதிவுசெய்யச் சில நடிகர்களை அலமாரி போன்ற சிற்றறைக்குள் நிறுத்திப் பேசவைத்தார்கள். மனச்சோர்வு கொண்ட ரோபோ மார்வினாக நடித்த ஸ்டீஃபன் மூர் அவர்களில் ஒருவர். கூட்டத்தில் இருந்துகொண்டே தனியாக இருக்கும் குரல் அது. அந்தத் தனிமையில் பதிவுமுறைக்கும் பங்கு உண்டு.

இனி 1978-இன் முடிவு. நான்கு பகுதிகளை எழுதி முடிப்பதற்குள் ஆடம்ஸுக்கு நேரமும் சரக்கும் தீர்ந்துவிட்டன. 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடருக்கும் அதே சமயத்தில் எழுத வேண்டியிருந்தது. நண்பர் ஜான் லாயிடைத் துணைக்கு அழைத்தார். ஐந்தாம், ஆறாம் பகுதிகளில் லாயிடின் கை உண்டு. அவசரத்தின் தடயங்களும் உண்டு. வடிவம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு வேற்றுக்கிரக உயிரி கொடிய விலங்காக மாறி, ஆர்தரின் பயணத் துணைகளான ஸாபோட், ட்ரில்லியன், மார்வின் மூவரையும் விழுங்கிவிடுகிறது. ஐந்து முக்கியப் பாத்திரங்களில் மூவர், ஒரே வாயில்! ஆர்தரும் ஃபோர்டும் மட்டும் தப்பி வேறொரு கப்பலுக்குப் போகிறார்கள். அதில் கோல்கஃப்ரிஞ்சம் என்ற கிரகம் வேண்டாமென்று ஏமாற்றி அனுப்பிவைத்த முடிதிருத்துவோர், தொலைபேசி துடைப்போர், விளம்பரக்காரர்கள் எல்லாரும் உறைநிலையில் இருக்கிறார்கள். கப்பல் ஒரு கிரகத்தில் விழுகிறது. அது ஆதிகாலப் பூமி.

முடிச்சுக் கணக்கு வைத்துப் பார்த்தால் இந்த முடிவு தேறாது. விழுங்கப்பட்ட மூவரைப் பற்றி யாரும் வருந்தவில்லை. ஆனால் கேட்டுப் பாருங்கள். அந்தக் கப்பல்காரர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆர்தர் குகைமனிதர்களுக்குச் சொல்கோக்கும் விளையாட்டைக் கற்றுத்தர முயல்கிறான். பூமியே ஒரு மாபெரும் கணினி. வாழ்வின் விடை 42 என்பது தெரியும், கேள்வி என்ன என்று கண்டுபிடிக்கத்தான் பூமியைக் கட்டினார்கள் என்பது முந்தைய பகுதிகளில் வந்த செய்தி. அந்தக் கணினியின் கடைசித் துணுக்கு ஆர்தரின் மூளையில் இருக்கலாம் என்று நினைத்து, பையிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்கள். ஆறையும் ஒன்பதையும் பெருக்கினால் என்ன வரும் என்ற கேள்வி கிடைக்கிறது. விடை பொருந்தவில்லை. வந்திறங்கிய இந்தக் கூட்டமே மனித குலத்தின் மூதாதையராகப் போகிறது, கணினி அப்போதே பழுதாகிவிட்டது என்று புரிகிறது.

இதற்குப் பிறகு ஆடம்ஸ் எந்த வெடிப்பும் வைக்கவில்லை. இரண்டு நண்பர்கள் பேசிக்கொள்கிறார்கள். சுற்றிலும் இருக்கும் இந்த அழகான உலகம் பல லட்சம் ஆண்டுகள் கழித்து இடிக்கப்படும் என்பது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும். லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' மேலெழுகிறது. தொடர் முழுவதும் கேட்ட மின்னணு ஒலிகளுக்குப் பிறகு, ஒரு மனிதத் தொண்டையின் கரகரப்பு. அந்தப் பாட்டு நகைச்சுவைக்காக வைத்தது என்று சிலர் சொல்கிறார்கள், நான் ஒப்பமாட்டேன். முதல் பகுதியில் நமக்குத் தரப்படாத துக்கம் இந்தப் பாட்டின் வழியே வந்து சேருகிறது. பூமியை இழந்தவன், அது அழிவதற்கு முன் அதைப் பார்க்கக் கிடைத்தவனாக நிற்கிறான். கடனில் பாதி இங்கே அடைபட்டுவிட்டது.

மறுபாதியைப் பற்றி ஆடம்ஸ் அப்போது நினைத்திருப்பார் என்று தோன்றவில்லை. தொடரின் வரவேற்பு அவரை மீண்டும் எழுதவைத்தது. 1978 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஒரு தனிப்பகுதி வந்தது. விழுங்கப்பட்ட ஸாபோட் உயிரோடு எழுந்தான். பின் 1980 ஜனவரி 21 முதல் 25 வரை, தொடர்ந்து ஐந்து இரவுகள் ஐந்து பகுதிகள். வாரத்துக்கு ஒன்று என்றிருந்தால் எழுத்தாளரும் தயாரிப்பாளரும் மூச்சுவிட்டிருக்கலாம். ஐந்து இரவுத் திட்டம் எல்லாரையும் நெருக்கியது. பன்னிரண்டாம் பகுதியில் வரும் மிக முக்கியமான பாத்திரத்துக்கு நடிகர் முடிவாகும் முன்பே 'ரேடியோ டைம்ஸ்' இதழ் அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. நிகழ்ச்சி நிரலில் ரான் ஹேட் என்று ஒரு பெயரைப் போட்டார்கள். நடிகர் பெயர் தெரியாதபோது நாடக உலகில் போடும் வழக்கமான இட்டுநிரப்பலின் எழுத்துகளைக் கலைத்துச் செய்த பொய்ப்பெயர் அது. கடைசியில் அந்த வேடம் மார்வினின் குரலான ஸ்டீஃபன் மூரிடமே வந்தது.

அந்தப் பாத்திரம் பிரபஞ்சத்தை ஆள்பவன். ஸாபோட் பல பகுதிகளாகத் தேடி வந்தது அவனைத்தான். அறிவியல் புனைவில் பழகிய காது இங்கே என்ன எதிர்பார்க்கும்? எதிரொலிக்கும் மண்டபம், கனத்த குரல், முழங்கும் இசை. ஆடம்ஸ் கொடுத்தது ஒரு சிறு குடிசை, ஒரு கிழவன், ஒரு பூனை. அந்தக் கிழவன் எதையும் நிச்சயம் என்று ஒப்புக்கொள்வதில்லை. தனக்கு எதிரே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும், நேற்று என்று ஒன்று இருந்தது என்பதையும் அவன் உறுதியாகச் சொல்லமாட்டான். இந்தக் கணத்தில் கண்ணிலும் காதிலும் படுவது மட்டுமே அவனுக்குச் செய்தி. ஆட்கள் வந்து கேள்வி கேட்கிறார்கள், அவன் ஏதோ சொல்கிறான், அதன்படி கோடிக்கணக்கான உயிர்களின் விதி தீர்மானமாகிறது.

இந்தக் காட்சியை நாவலில் படிக்கும்போது அது ஒரு தத்துவ வேடிக்கை. வானொலியில் கேட்கும்போது வேறொன்றாகிவிடுகிறது. ஏனென்றால் கேட்டுக்கொண்டிருக்கும் நாமும் அதே நிலையில்தான் இருக்கிறோம். குடிசை இருப்பதாகச் சொன்னார்கள், நம்பினோம். பூனை இருப்பதாக அவன் பேசுகிறான், நம்புகிறோம். பன்னிரண்டு பகுதிகளாகக் காதில் விழுந்ததை மட்டும் வைத்து ஒரு பிரபஞ்சத்தைக் கட்டியெழுப்பியவர்கள் நாம். அந்தப் பிரபஞ்சத்தின் மையத்தில், கேட்பது மட்டுமே தெரிந்த ஒருவனை உட்காரவைத்தது ஊடகத்தின் இயல்பை அடிவரை உணர்ந்த எழுத்தாளரின் செயல். அதுவும் மார்வினாகப் பேசிய அதே தொண்டையில். எல்லாம் தெரிந்தும் எதிலும் பயன் காணாத ரோபோவும், எதுவும் தெரியாமல் எல்லாவற்றையும் ஆளும் கிழவனும் ஒரே குரலின் இரு முனைகள். இது அவசரத்தில் நேர்ந்த தற்செயலாக இருக்கலாம். கேட்பவனுக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை.

ஆனால் இந்த முடிவை நான் உயர்த்திப் பிடிப்பது கிழவனுக்காக மட்டும் அன்று. குடிசையில் நடக்கும் விசாரிப்பில் ஓர் உண்மை வெளியே வருகிறது. பூமி புறவழிச்சாலைக்காக அழிக்கப்படவில்லை. வாழ்வின் கேள்வி தெரிந்துவிட்டால் தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய மனநல மருத்துவர்கள் சிலர் வோகன்களை ஏவி அழித்தார்கள். அதில் ஸாபோடின் கையும் இருந்தது. ஆர்தருக்குக் கோபம் வருகிறது. பன்னிரண்டு பகுதிகளில் முதன்முறையாக, உண்மையான கோபம். தேநீர் கிடைக்காத எரிச்சலையும் எதுவும் புரியாத தவிப்பையும் மட்டுமே இதுவரை காட்டிவந்த, ஆர்தராக நடித்த சைமன் ஜோன்ஸின் குரல் இங்கே திடமாகிறது. அவன் விவாதிக்கவில்லை. வெளியே போய், லின்டில்லா என்ற பெண்ணையும் மார்வினையும் ஏற்றிக்கொண்டு, ஸாபோடின் விண்கலத்தையே எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ஸாபோடும் ஃபோர்டும் ஸார்னிவூப் என்பவனும் பிரபஞ்சத்தை ஆள்பவனோடு குடிசையில் விடப்படுகிறார்கள். தொடர் அங்கே நிற்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. ட்ரில்லியன் இந்த இரண்டாம் தொடரிலேயே இல்லை. அவளை எங்கோ கட்டாயக் கல்யாணம் செய்துவைத்துவிட்டதாகப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்கள். பூமியில் தப்பிய இருவரில் ஒருத்தி அவள். அவளும் அந்தக் குடிசையில் இருந்திருந்தால் அந்தக் கோபத்துக்கு இரண்டு குரல்கள் இருந்திருக்கும். நடுப்பகுதிகள் சில வெறும் ஓட்டம். ஆனாலும் முதல் பகுதியில் வாங்கிய கடனின் மறுபாதியை இந்த முடிவு அடைக்கிறது. புல்டோசருக்கு முன்னால் படுத்தவன் எழுந்து நின்றுவிட்டான்.

சமகாலத்திலிருந்தும் ஒரு சான்று தந்துவிடுகிறேன். 2014 முதல் 2017 வரை இணையத்தில் வந்த 'வுல்ஃப் 359' என்ற அமெரிக்க ஒலித்தொடர், கேப்ரியல் உர்பினா உருவாக்கியது. பூமியிலிருந்து ஏறத்தாழ 8 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு சிவப்புக் குறுமீனைச் சுற்றும் நிலையம். டக் ஐஃபல் என்ற தகவல் தொடர்பு அதிகாரியின் வளவளப் பேச்சில் தொடங்கும் தொடர் அது. இறுதிப் பகுதியில் அவன் தன் நினைவுகளை இழந்துவிடுகிறான். குரல் அதே குரல். அந்தக் குரலுக்குள் இருந்த ஆள் இல்லை. திரையில் என்றால் முகம் நமக்கு ஆறுதல் சொல்லியிருக்கும். காதுக்கு அந்த ஆறுதல் கிடையாது. எந்தப் பேச்சைக் கேட்கத் தொடங்கினோமோ அந்தப் பேச்சையே முடிவு எடுத்துக்கொள்கிறது. கதை முழுக்கக் கணக்குத் தீர்ந்ததா என்று அப்போது எவரும் கேட்கப் போவதில்லை.

ஆடம்ஸிடம் திரும்புவோம். ஐந்தாவது நாவலான 'மோஸ்ட்லி ஹார்ம்லெஸ்' 1992-இல் வந்தது. அதன் முடிவில் எல்லாப் பரிமாணங்களிலும் உள்ள எல்லாப் பூமிகளும் அழிகின்றன, ஆர்தரும் மற்றவர்களும் அதில். அந்த நாவல் மிக இருண்டுவிட்டது, இன்னொன்று எழுதிச் சற்று வெளிச்சமாக முடிக்க வேண்டும் என்று ஆடம்ஸே பின்னர் சொல்லிவந்தார். எழுதவில்லை. 2001 மே 11 அன்று கலிஃபோர்னியாவில், 49-ஆவது வயதில் இறந்தார். மூன்றாம் நாவல் தொடங்கி எஞ்சியவற்றை வானொலிக்குக் கொண்டுவரும் பொறுப்பை அவர் 1990-களிலேயே டர்க் மேக்ஸ் என்ற இயக்குநரிடம் ஒப்படைத்திருந்தார். பல தடைகளுக்குப் பின் 2004-இலும் 2005-இலும் 14 பகுதிகள் ஒலித்தன.

குரல்களின் வரலாறு இங்கே கதையின் பகுதியாகிவிடுகிறது. வழிகாட்டி நூலின் குரலாக இருந்த பீட்டர் ஜோன்ஸ் 2000-இல் இறந்துவிட்டார். வில்லியம் ஃபிராங்க்ளின் அந்த இடத்துக்கு வந்தார். சைமன் ஜோன்ஸின் குரலில் ஏறத்தாழ 25 ஆண்டு மூப்பு. ஆர்தர் தெரியாமலே பல பிறவிகளில் கொன்றுவந்த அக்ரஜாக் என்ற பாவப்பட்ட உயிருக்கு, ஆடம்ஸ் முன்பு தன் நாவலை வாசித்துப் பதிவுசெய்திருந்த ஒலிநாடாவிலிருந்து அவருடைய குரலையே எடுத்துப் பொருத்தினார்கள். ஆர்தர் இன்ன இடத்துக்குப் போகும்வரை சாக முடியாது என்ற முடிச்சைப் போடும் பாத்திரம் அது. அந்த முடிச்சு 2005 இறுதிப் பகுதியில் லண்டன் விடுதி ஒன்றில் அவிழும்போது, இறந்துபோன எழுத்தாளரின் வாயிலிருந்து வந்த முன்னறிவிப்பு பலிக்கிறது. நாவலில் இந்தக் கனம் இல்லை, இருக்கவும் முடியாது.

மேக்ஸ் நாவலின் முடிவோடு நிற்கவில்லை. பூமிகள் அழிந்த பின், காதில் வாழும் பாபெல் மீனுக்கு டால்ஃபின்களைப் போல ஆபத்தில் தாவித் தப்பும் ஆற்றல் உண்டு, அது தன்னைச் சுமப்பவரையும் காப்பாற்றும் என்று வழிகாட்டி நூல் சொல்கிறது. மாற்றுப் பிரபஞ்சங்களின் வெவ்வேறு முடிவுகள் சில துணுக்குகளாகக் கேட்கின்றன. பிறகு பிரபஞ்சம் முடியும் காலத்தில் இருக்கும் மில்லிவேய்ஸ் உணவகத்தில் எல்லாரும் சேர்கிறார்கள். நான்காம் கதையில் கிடைத்து ஐந்தாம் கதையில் காணாமல்போன ஆர்தரின் காதலி ஃபென்சர்ச் அங்கே இருக்கிறாள். உணவகத்தின் தொகுப்பாளராக 1978-இல் பேசிய ராய் ஹட், 27 ஆண்டு கழித்து அதே வேடத்தில் அதே உற்சாகத்தோடு வரவேற்கிறார்.

இந்த முடிவைத் துரோகம் என்று சொன்னவர்கள் உண்டு. ஆடம்ஸின் இருளை மேக்ஸ் சர்க்கரை பூசி மறைத்தார் என்பது அவர்கள் வாதம். நான் மேக்ஸின் பக்கம். அச்சில் கடைசிப் பக்கத்துக்குப் பின் வரும் வெறுமை வாசகனுக்குச் சொந்தம். அவன் முதல் பக்கத்துக்குத் திரும்பலாம். வானொலியில், வயதேறிய இந்தக் குரல்களை, சிலர் போய்விட்ட பின் எஞ்சிய இந்தக் குரல்களை, மீண்டும் ஒருமுறை கூட்டிச் சேர்த்துவிட்டுப் பட்டென்று அணைப்பது வேறு காரியம். ஆடம்ஸின் விருப்பமும் வெளிச்சத்தின் பக்கம்தான் இருந்தது. மகிழ்ச்சியான முடிவு என்பதற்காக அதைக் குறைசொல்லமாட்டேன்.

குறை வேறிடத்தில். பாபெல் மீன் விளக்கம் வழிகாட்டி நூலின் வாயில் அவசரமாகத் திணிக்கப்படுகிறது. முன்பெல்லாம் அந்த நூல் குறுக்கே பேசினால் கதை நின்று சுவையான கிளைப்பாதையில் போகும். இங்கே கதையைத் தூக்கிவிடும் நெம்புகோலாக அதைப் பயன்படுத்துகிறார்கள். காது இதை உடனே கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் அந்தக் குரலின் நிதானத்துக்கு அது 1978 முதல் பழகியிருக்கிறது. மாற்று முடிவுகளைத் துணுக்குகளாக அடுக்கியதும் எனக்கு உடன்பாடில்லை. எது நடந்தாலும் இன்னொன்றும் நடந்தது என்றால், மில்லிவேய்ஸில் ஃபென்சர்ச்சைக் கண்டடைவதன் மதிப்புக் குறைகிறது.

2018-ஐச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். ஓன் கோல்ஃபர் எழுதிய ஆறாம் நாவலை அடிப்படையாக வைத்து மேக்ஸ் மீண்டும் ஆறு பகுதிகள் செய்தார். முதல் ஒலிபரப்பின் 40-ஆவது ஆண்டு நிறைவு நாளான மார்ச் 8-இல் தொடங்கியது. ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் குரல் முதல் பகுதியில் ஒலித்தது. ஆறு நாளில் அவர் மறைந்தார். 1978-இல் தொடரை முடிக்கக் கைகொடுத்த ஜான் லாயிட் அதில் வழிகாட்டி நூலின் குரலாக வந்தார். நடிகர்களுக்கும் ரசிகர்களுக்கும் நடுவே நடந்த அன்பான சந்திப்பு அது. முதல் பகுதியின் கடனோடு அதற்குத் தொடர்பில்லை, அப்படி அது பாசாங்கு செய்யவும் இல்லை.

கடைசியாக, எழுத்தாளரோடு எனக்குள்ள ஒரு கருத்து வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். தன் இரண்டு முடிவுகளில் எது சிறந்தது என்று ஆடம்ஸ் தாமே தீர்ப்பளித்துவிட்டார். 1980 அக்டோபரில் வந்த இரண்டாம் நாவலையும், 1981-இல் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரையும் ஆதிகாலப் பூமியில்தான் முடித்தார். பிரபஞ்சத்தை ஆள்பவனின் குடிசையை அந்த நாவலில் முன்னால் நகர்த்தினார்; அங்கே ஆர்தரே இல்லை. ஆகவே அவன் கோபமும் இல்லை. மூன்றாம் நாவல் ஆதிகாலப் பூமியிலிருந்து தொடங்குவதால், 2004-இல் மேக்ஸுக்குச் சிக்கல் வந்தது. வானொலியில் ஆர்தர் விண்கலத்தோடு போய்விட்டானே! 1980 நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி ஸாபோடின் மனப்பிரமை என்று பதின்மூன்றாம் பகுதியில் ஒரு விளக்கம் சொல்லிச் சமாளித்தார். கதைத் தொடர்ச்சிக்கு அது தேவைப்பட்டது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு விளக்கத்தில், இந்தத் தொடர் முழுவதிலும் பூமிக்காக ஒருவன் எழுப்பிய ஒரே எதிர்ப்பு நடக்காததாக ஆகிவிட்டது. அதுவும் குற்றத்தில் பங்கு கொண்டவனின் தலைக்குள் நிகழ்ந்த கனவாக. 2005 முடிவின் மகிழ்ச்சி முழுமை அடையாததற்கு பாபெல் மீனைவிட இதுவே பெரிய காரணம். ஃபென்சர்ச்சின் குரல் கேட்டு ஆர்தர் மகிழும்போது நாமும் மகிழ்கிறோம், ஆனால் ஸாபோடிடம் அவன் கேட்க வேண்டிய கேள்வி 25 ஆண்டுகளாகக் கேட்கப்படாமலே நிற்கிறது.